சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவும்

ஏழாம் நம்பர் ரிங் பிரேம் சரியில்லை என்று
முதலில் சொன்னது சகாயமேரி.
நூல் அறுகிறது என்று சொல்லவில்லை.
'கோவமா இருக்குதுண்ணே' என்றாள்.
அதாவது, அவள் உதடு சொன்னது.
திருபுவனையில் எங்கள் மில்லுக்குள்
யார் குரலும் யாருக்கும் போய்ச் சேராது.
அறுந்த நூலுக்கு இரண்டு விரல்,
டீக்குக் கட்டைவிரல்,
மேனேஜர் வந்தால் மீசையை முறுக்கிக் காட்டுவோம்.
அவருக்கு மீசை கிடையாது.

வெளியே கத்திரி.
நடுராத்திரியிலும் தார் ரோடு ஆறவில்லை.
உள்ளே, நூலின் நன்மைக்காக,
வருஷம் முழுக்க ஐப்பசி.
ஆயிரத்தெட்டுப் போற்றி மாதிரி
ஒரு பிரேமுக்கு ஆயிரத்தெட்டுக் கதிர்,
ஒன்றுக்கும் மூச்சு வாங்குவதில்லை.

என்னிடம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் உண்டு.
நுனியைப் பேரிங் வீட்டின் மேல் ஊன்றி
கைப்பிடியைக் காதடி எலும்பில் அழுத்தினால்
உள்ளே நடப்பது உள்ளபடி வரும்.
நல்ல பேரிங், வடை வெந்து அடங்கிய சட்டி.
கெட்டது, சோற்றில் கடிபட்ட கல்.
பதினேழு வருஷம் இந்த ஒரு வித்தையில்தான்
எனக்குச் சம்பளம்.

அன்று ஏழாம் நம்பரில்
கைப்பிடியை வைத்தேன்.
சட்டி அடங்கியிருந்தது.
மறு கோடியில் வைத்தேன். அங்கும்.
'நல்லாத்தான் இருக்கு' என்று கை விரித்தேன்.
அவள் மிஷினைப் பார்க்கவில்லை,
என் காதைப் பார்த்தாள்.

போன மாதம் கம்பெனி வேனில்
கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.
கண்ணாடி அறை. தலையில் மாட்டும் காது.
'சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க' என்றது அந்தப் பெண்.
அழுத்தினேன்.
மறுபடி அழுத்தினேன்.
விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.
கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னது:
'அண்ணா, நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பல.'

பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள்.
ஒழுங்காக வந்த கோடு ஓரிடத்தில் சரிந்து
மழை முடிந்த வில்லியனூர் ரோடு மாதிரி
ஒரு பள்ளம்.
அதில் என்னென்ன விழுந்தது என்று கேட்டேன்.
கொசு, குக்கர் விசில் தொடங்கும் இடம்,
கடுகு வெடிப்பது,
அப்புறம் சில எழுத்துகள் என்றது.
எந்த எழுத்து?
'ச' சரியா விழாது.

அப்படியானால் நான்
எத்தனை காலமாக அம்பளம் வாங்கி
ஆமி கும்பிட்டு
அட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்?
சட்டைப் பையில் பாருங்கள்,
கம்பெனி கொடுத்த ஆரஞ்சு அடைப்பான்,
கவர் பிரிக்காமல்.
அதைப் போட்டால் மிஷின் கேட்காதே
என்றுதான் போடவில்லை.

சகாயமேரி நகரவில்லை.
இரண்டு விரலை எடுத்துத் தன் பல்லில் தட்டினாள்.
எங்கே கற்றாளோ, கேட்கவில்லை.
கைப்பிடியைத் துடைத்துக் கடைவாயில் கடித்தேன்.
கிரீஸ் கசப்பு. பிறகு
தாடை வழியே மண்டைக்குள்
கல். கல். கல்.

நிறுத்தினோம்.
ஒடிசாக்காரப் பையன் பித்யாதர் லைட் பிடிக்க
டின் ரோலர் பேரிங்கை இழுத்து வெளியே எடுத்தபோது
வளையத்தில் நகக்கண் அளவு பெயர்ந்திருந்தது.
இன்னும் ஒரு ஷிப்ட் தாங்கியிருக்காது.
ஷாஃப்ட் போயிருந்தால் என் வேலையும்.

இரண்டு பத்துக்கு ஆரம்பித்து நாலே முக்கால்.
ஓட்டிவிட்டதும் அவள் பிரேமின் நெற்றியில்
காய்ச்சலுக்குப் பார்ப்பது போல் கை வைத்தாள்.
'போச்சு' என்றது உதடு.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்: கண்டறிந்தவர்.
எப்போதும் கலியவரதன் என்று
யோசிக்காமல் எழுதும் இடம்.
பேனாவின் மேல் பஞ்சு ஒட்டியிருந்தது.
ஊதிவிட்டு, எனக்குக் கேட்காத எழுத்தில்
தொடங்கினேன்.
கையெழுத்து கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது,
அடுத்த கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.

மேனேஜர் காலையில் கேட்பார்.
கேட்கட்டும்.
அவருக்கு எதிரில் நின்று
அடைப்பான் கவரைப் பிரிப்பதாக இருக்கிறேன்.